மாலை போட்ட மோட்டார்

துடியலூர்
மார்ச் 2, 2025

அக்காவுக்கு,

மீட்டர்ப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. கடுகு அளவுதான். கரண்டு ஓடும்போது அது கண் சிமிட்டும். நிறைய ஓடினால் வேகமாகச் சிமிட்டும். ஒன்றும் ஓடாவிட்டால் அசையாமல் நிற்கும். போன வியாழக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஃபேன் நின்றுவிட்டது, லைட் அணைந்துவிட்டது, என் தையல் மெஷினும் நின்றுவிட்டது. அந்த விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வந்தபோது எல்லார் முன்னாலும், "எங்க ரித்தி கரண்டு தின்னிங்க, மெசின் ஓட்டியே அப்பாவ ஆண்டியாக்கிருவா" என்று சொன்னாய். மாமா சிரித்தார், அத்தை சிரித்தார், உன் வீட்டுக்காரர் மிதுன் மச்சானும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நாலு பேர் இருந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய். பேனா பிடித்தால் எனக்கு அப்படி அடைப்பதில்லை.

அப்பாவின் போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறது. உன் போனை அத்தை எடுக்கிறார். அதனால் நீ கணக்கு எழுதும் பள்ளிக்கூடத்து முகவரிக்கே இதைப் போடுகிறேன். பதில் எழுதினால் காளிச்சாமி அண்ணன் கடைக்குப் போடு. எனக்கு நைட்டித் துணி வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். பிரித்துப் பார்க்க மாட்டார்.

வாடகை வீட்டில் இருந்தவரை ஹவுஸ் ஓனரம்மா சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். மீட்டர் எங்கே இருந்தது என்றுகூட நமக்குத் தெரியாது. சொந்த வீடு வந்து முதல் தடவை ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிக் கொடுத்தாரே, அப்பா அதைப் படிக்காமலே சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்துப் படித்த பிறகு ராத்திரி சாப்பிடவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் அவர் தலை திரும்புகிறது. ஐநூறு யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலை. அதைத் தாண்டிவிட்டால் தாண்டினதற்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறிவிடுகிறது. நமக்கு ஒவ்வொரு தடவையும் தாண்டுகிறது. இதுவரை வந்த பில் எல்லாவற்றுக்கும் காரணம் என் மெஷின்தானாம்.

இப்போது அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "ஏப்ரல் ரீடிங்கும் ஐநூறத் தாண்டுச்சுன்னா மெசின வித்துப்போடறேன். அப்பறம் அழுகக் கூடாது." காந்திபுரத்தில் பழைய மெஷின் வாங்கும் ஆல்வின் என்பவரிடம் விலையும் கேட்டுவிட்டார்.

அதனால்தான் அந்த விளக்கைப் போய்ப் பார்த்தேன். பிறகு ஒயரைப் பார்த்தேன். மீட்டருக்குக் கீழே ஃபியூஸ் மாட்டுகிற இரண்டு பீஸ் கட்டைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து வரும் ஒயர் நம் மெயினுக்கு வருகிறது. இன்னொன்று மெயினுக்கு வராமலே சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது. அது மோட்டாருக்குப் போகிற லைன்.

பால் காய்ச்சிய அன்று மாமா கொண்டுவந்த சீர் உனக்கு நினைவிருக்கும். பழத்தட்டு, பட்டுத்தட்டு, வெண்கலக் குடம், அதற்குப் பின்னால் இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு போர்வெல் மோட்டார். மோட்டாருக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டிருந்தார்கள். "தாய்மாமன் சீருன்னா இப்பிடி இருக்கோணும்" என்று பந்தியில் பாதிப்பேர் அதைத்தான் பேசினார்கள். அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி நம் இடத்தில் இல்லை. மாமா தன் மனையில் பாதியை நமக்கு விற்றுவிட்டு மீதியில் கட்டினாரே மூன்று லைன் வீடு, அதன் சுவரில் இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் மேலே ஏறி மூன்று வீட்டுக்கும் போகிறது. அவற்றுக்கென்று தனியாக மீட்டரே கிடையாது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

கரண்டு தின்னி யார் என்று உன் மாமனாரைக் கேட்டு எழுது.

ரித்திகா

*

கோபிசெட்டிபாளையம்
மார்ச் 9

ரித்தி,

உன் கடிதம் ஆபீஸுக்கு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என் கையில் கொடுத்து, "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடறது?" என்று சிரித்தார்கள். டாய்லெட்டில் நின்று படித்தேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதை யாராவது பார்த்திருந்தால் என் நிலைமை என்ன என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

நேரில் வாயே திறக்காத பிள்ளைக்குக் கடிதத்தில் எவ்வளவு வாய். மாமா திருடுகிறார் என்று எழுதவில்லை, அவ்வளவுதான் மிச்சம். அவர் மனையைப் பாதி விலைக்குக் கொடுக்காவிட்டால் அப்பா ஜென்மத்துக்கும் வீடு கட்டியிருக்க முடியாது. அந்த மோட்டார் இல்லாவிட்டால் நீயும் அம்மாவும் பத்து நாளைக்கு ஒருதரம் வரும் கார்ப்பரேஷன் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருப்பீர்கள். சீர் கொடுத்தவரிடம் போய்க் கணக்குக் கேட்பார்களா? நம் சனத்தில் அப்படிக் கேட்டவர்களை எனக்குக் காட்டு.

சொந்த வீடு என்றால் செலவு இருக்கத்தான் செய்யும். வாடகை வீட்டு ஞாபகத்திலேயே இருந்தால் எப்படி? முதலில் வீட்டுக்குள் பார். ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். துணி தேய்ப்பதை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள். கீஸர் வேண்டாம், வெயில் வந்துவிட்டது. பழைய குண்டு பல்பு இருந்தால் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுங்கள். மெஷினைப் பகலில் வெளிச்சத்தில் ஓட்டு, லைட் போட்டுக்கொண்டு தைக்காதே. இதெல்லாம் செய்துவிட்டு அப்புறம் ஒயர் பிடித்துக்கொண்டு போ.

மீட்டர் விளக்கு எப்போதும் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்படித்தான் செய்திருப்பார்கள்.

எனக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையவில்லை. சித்திரை பிறந்ததும் எனக்குக் கட்டுச்சோறு விருந்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் சோறு கட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்கவேண்டும். அந்த நாளில் மாமா முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் நான். நீ இல்லை.

பொங்கலுக்குச் சொன்னது விளையாட்டுக்கு. அதையே பிடித்துக்கொண்டு தொங்காதே.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறதா?

புவனா

*

துடியலூர்
மார்ச் 15

அக்காவுக்கு,

அம்மா சாப்பிடுகிறது. ஃபேன் போடாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறது. வேர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாப்பிடுகிறது.

நீ எழுதிய எதையும் நாங்கள் செய்யாமல் இல்லை. ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பதா? அதைத் தைப்பூசத்தோடு நிறுத்தியாயிற்று. இப்போது அதற்குள் அம்மா அரிசி மூட்டை வைத்திருக்கிறது. அப்பா பவுண்டரிக்குக் கசங்கின சட்டையில் போகிறார். கீஸர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இரண்டு ரூமில் பல்பையே கழற்றிவிட்டோம், எல்.இ.டி. போடக்கூட அங்கே இடமில்லை. மிக்ஸி ஓட்டினால் அப்பா முகம் மாறுகிறது என்று அம்மா சட்னியை அம்மியில் அரைக்கிறது. கையில் கொப்புளம். கேட்டால், "சொந்த ஊட்டுல அரைக்கறது சொகமாத்தான் கண்ணு இருக்குது" என்கிறது. எனக்கு அந்த அம்மியைத் தூக்கிச் சாக்கடையில் போடவேண்டும்போல இருக்கிறது.

இத்தனையும் செய்தோம். பில் கொஞ்சம்கூட இறங்கவில்லை. இறங்காததற்கும் நான்தான் காரணம்.

விளக்கு எப்போதும் சிமிட்டும் என்று எழுதியிருக்கிறாய். நீ பி.காம். படித்தவள், நான் பத்தாவது. ஆனால் இந்த மீட்டருக்கு முன்னால் நின்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைன் வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வெளியே போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனார்கள். அப்போது போய் நம் மெயினை இறக்கினேன். விளக்கு நின்றுவிட்டது. அக்கா, அசையாமல் நின்றுவிட்டது. மெயினைப் போட்டு என் மெஷினை மட்டும் ஓடவிட்டு, அம்மாவைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் பார்த்தேன். தூக்கம் வந்தவன் மாதிரி சிமிட்டியது. அவர்கள் திரும்பி வந்து மோட்டாரைப் போட்டதும் பார்த்தேன். தனித்தனியாகச் சிமிட்டுவதே தெரியவில்லை, அப்படி ஒரு வேகம்.

முதல் லைன் வீட்டில் உஸ்மா அக்கா இருக்கிறார்கள், மில்லுக்குப் போகிறவர். கைக்குழந்தை இருக்கிறது. அவர்களிடம் ஒரு சட்டை தைத்துக் கொடுக்கிற சாக்கில் போனேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கடைசியில் கேட்டேன். கரண்டுக்கு நீங்கள் யாருக்குக் காசு கட்டுகிறீர்கள் என்று. "உங்க மாமாவுக்குத்தான் கண்ணு. வாடக தனி, தண்ணிக்குத் தனி, கரண்டுக்குத் தனி. ஃபேனுக்கு இவ்வளவு, டிவிக்கு இவ்வளவுன்னு எண்ணிப்பாத்து வாங்கிக்குவாரு. நேத்துக் கொழந்தைக்குன்னு ஒரு சின்ன ஃபேன் வாங்குனேன், அதுக்கும் சேத்துக் குடுக்கணுமுன்னுட்டாரு" என்றார்கள்.

அவர்கள் மாமாவுக்குக் கட்டுகிறார்கள். மாமா யாருக்கும் கட்டவில்லை. அப்பா கட்டுகிறார். அப்பா கட்டுவதற்காக என் மெஷின் போகப்போகிறது.

மீட்டர் அக்னி மூலையில்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று மாமா நின்று சொன்னாரே. அந்த மூலை அவர் மனையைப் பார்த்து இருக்கிறது. வாஸ்து யாருக்குப் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது.

பத்தாவது முடித்தபோது, "ஒரு வருசம் போகட்டும் கண்ணு, ஊட்டு லோனு ஒரு பிடிக்கு வரட்டும், அப்பறம் படிக்கலாம்" என்று அப்பா சொன்னார். நான் தலையை ஆட்டினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. தலையை ஆட்டுகிற பிள்ளையை எதற்கு அடிக்கவேண்டும்? அந்த ஒரு வருஷம் போய் அடுத்ததும் போய்விட்டது. மிதிமெஷினில் தைத்துச் சேர்த்துத்தான் இந்தப் பவர் மெஷினை வாங்கினேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். வீடு அப்பா பேரில், மோட்டார் மாமா பேரில், கட்டுச்சோறு உன் பேரில்.

நான் மாமாவிடம் கேட்கச் சொல்லவில்லை. என்னாலும் கேட்க முடியாது. அப்பாவிடம் நீ ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் அவர் கேட்பார். நான் சொன்னேன். "மீட்டர் லைட்டப் பத்தி உனக்கென்ன தெரியும், போய் வேலையப் பாரு" என்றார்.

ரித்திகா

*

கோபிசெட்டிபாளையம்
மார்ச் 24

ரித்தி,

இதை வேகமாக எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது.

நான் அப்பாவிடம் பேசவில்லை. நேராக மாமாவிடமே கேட்டுவிட்டேன். கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் மாமா துடியலூர் லைன் வீட்டுக்கு வாடகை ஏற்றவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். "கரண்டு வேற ஏறிப்போச்சு, அதுக்கும் சேத்து ஏத்தோணும்" என்றார். எனக்கு அம்மா கை ஞாபகம் வந்துவிட்டது. கையில் ரசக் கரண்டியோடு நின்றபடியே, "அந்தக் கரண்டு எந்த மீட்டர்ல ஓடுதுங்க மாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஏன் சாமி, உங்கொப்பன் கேக்கச் சொன்னானா?" என்றார். இல்லைங்க, நானாகத்தான் கேட்கிறேன் என்றேன். "நான் ஒண்ணும் திருட்டுத்தனமா இழுக்கல. பாலு காய்ச்சுன அன்னிக்கே மாப்ளகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் இழுத்தேன். 'மோட்டாரு நம்முளுது, லைன் ஊட்டுக்குத் தனிக் கரண்டு சர்வீஸ் வர்ற வரைக்கும் அதுல ஓடட்டும் மாப்ள'ன்னேன். 'அதுக்கென்னங்க மச்சான்'னாரு. வேணும்னா உங்கொப்பனக் கேளு."

அப்புறம் அத்தையைப் பார்த்து, "சீரு குடுத்த கைக்கே கணக்கு வருது பாத்தியா, பூவாத்தா" என்றார். அதற்குப் பிறகு அத்தை என்னோடு பேசுவதில்லை. உன் மச்சான் பாதிச் சோற்றில் எழுந்து போனார். யார்மேல் கோபத்தில் எழுந்தார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ரித்தி, அப்பாவுக்குத் தெரியும்.

முதல் நாளிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைச் சொல்லியிருக்கிறார். பொங்கலன்று நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் இருந்தாரே, அது ஏன் என்று இப்போது யோசித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எனக்கு வந்த கோபத்தில் போன் பண்ணி அவரைக் கேட்டிருப்பேன். போன் அத்தை கையில் இருந்தது.

நீ எழுதியது எல்லாம் சரி. அதைச் சொல்லிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். கட்டுச்சோறு முடியட்டும். அதுவரை எதையும் கிளப்பாதே. மெஷின் போனால் நான் வாங்கித் தருகிறேன். சத்தியமாக.

புவனா

*

துடியலூர்
மார்ச் 28

அக்காவுக்கு,

மெஷின் போனால் நீ வாங்கித் தருவாய். எந்தப் பணத்தில்? உன் சம்பளக் கவரை அத்தை வாங்கிக்கொள்கிறார் என்று அம்மா சொன்னது.

உன் கடிதத்தைக் காளிச்சாமி அண்ணன் கடை வாசலில் நின்றே படித்தேன். வீட்டுக்கு வந்தால் அப்பா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன கண்ணு?" என்றார். நல்ல குரலில்தான் கேட்டார். எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது! ஒன்றுமில்லைங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. தலையணையைக் கடித்தேன்.

தெரியாமல் என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொண்டுதானே இருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் மெயின் பக்கத்தில் நின்று, "எங்கியோ போவுது, எங்கியோ போவுது" என்று தலையில் அடித்துக்கொண்டாரே, அது யாருக்காக? அம்மா பார்ப்பதற்காக. எங்கே போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா கொப்புளத்தோடு அரைப்பதைப் பார்த்துக்கொண்டு அந்தச் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வெட்கம். என்னைச் சொல்ல வெட்கமில்லை. ஏனென்றால் நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்.

நேற்று ஆல்வின் வந்தார். ரீடிங் வரட்டும் என்றுகூட அப்பா காத்திருக்கவில்லை. ஆல்வின் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் பாதி தைத்து வைத்திருந்த நைட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தார். "மெசின் சூப்பருங்க, நல்லா வெச்சிருக்கீங்க பாப்பா. இதுக்குக் கரண்டு ஒண்ணும் பெருசா இழுக்காதுங்களே, எதுக்குங்க குடுக்கறீங்க?" என்று அவராகவே கேட்டார். அப்பா, "வூட்ல எடம் இல்லீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு மாமாவும் வருகிறார், லைன் வீட்டு வாடகைக்கு.

கட்டுச்சோறு வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

ரித்திகா

*

கோபிசெட்டிபாளையம்
ஏப்ரல் 2

ரித்தி,

தெரிந்தால் எனக்கு எழுதாதே. எழுதினால் நான் தடுக்கவேண்டியிருக்கும்.

நேற்று உன் மச்சான் நம் அம்மாவைப் பற்றி என்னிடம் தானாகவே கேட்டார், "அத்தைக்குக் கையில என்னாச்சு?" என்று. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. உன் இரண்டாவது கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் படித்திருக்கிறார்.

மீட்டர்ப் பெட்டியில் கை வைப்பதாக இருந்தால் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள். ஈரக் கையோடு தொடாதே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

புவனா

*

துடியலூர்
ஏப்ரல் 7

அக்காவுக்கு,

சனிக்கிழமை சாயங்காலமே உஸ்மா அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் உங்களுக்குக் கரண்டு இருக்காது, தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு ஆளிடம் மட்டும் பேசுவதென்றால் எனக்குக் கொஞ்சம் வருகிறது. அவர்கள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "புடுங்கு கண்ணு. நான் குடுக்கற காசு எங்க போவுதுன்னு எனக்கும் தெரியோணுமில்ல" என்றார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் அவர்களே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பஸ் இறங்கி லைன் வீட்டுக்குள் போகிறவரை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர்ப் பெட்டிச் சாவி சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பெட்டியைத் திறந்தேன். மோட்டார் லைனுக்கு உள்ள வெள்ளைக் கட்டையில் பால் காய்ச்சிய அன்று மாமா வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. கட்டையைப் பிடித்து இழுத்தேன். கெட்டியாக இருந்தது. இரண்டாவது தடவை வந்துவிட்டது. சிவப்பு விளக்கு மெதுவாகிவிட்டது.

உஸ்மா அக்காவின் குழந்தைக்கு வேர்க்குமே என்று நம் ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டினேன். அவர்கள் அந்தச் சின்ன ஃபேனைச் செருகிக்கொண்டார்கள். அதுவும் நம் மீட்டரில்தான் ஓடும். தெரியும். அது நான் கொடுத்தது.

கட்டையை என் மெஷின் டிராயரில் போட்டு மூடினேன்.

என்னால் யாரிடமும் கேட்க முடியாது. அதனால் கேட்கவேண்டியவரே வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. மாமா வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "மாப்ள, ஏனுங் மாப்ள, உங்க பொட்டியில பீஸ் போச்சாட்ட இருக்குது, பாருங்க!"

அப்பா சட்டென்று எழுந்தார். ஆல்வின் அதற்கு முன்னாலேயே ஆட்டோவோடு வந்து நடையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லாருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்தது. மேலே பார்த்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. விருந்தாளி இருக்கிறார்கள் என்று அன்றைக்கு ஃபேன் போட்டிருந்தோம்.

"எங்களுக்குக் கரண்டு இருக்குதுங்களேண்ணா. ஃபேன் சுத்துது பாருங்க."

"உங்க ஊட்டுக்கில்ல ஆத்தா, லைன் ஊட்டுக்கு. மூணு ஊட்டுலயும் இல்லீங்கறாங்க."

அம்மா டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா மாமாவை இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அப்போதும் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது.

"லைன் ஊட்டுக் கரண்டு எங்க பொட்டியில எதுக்குங்கண்ணா இருக்குது?"

மாமா சிரித்துப் பார்த்தார். "அந்தச் சீரு மோட்டாரு லைன்ல ஓடுது ஆத்தா. பாலு காய்ச்சுன அன்னிக்கே மாப்ளகிட்டச் சொன்னதுதான். மாப்ளைக்குத் தெரியுமே?"

அம்மா அப்பாவைப் பார்த்தது. "தெரியுமுங்களா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா தன் கையைப் பார்த்தது. அப்புறம் ஆல்வினைப் பார்த்தது. அப்புறம் மூலையில் இருந்த மெஷினையும் என்னையும் பார்த்தது. அக்கா, அம்மாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மாமாவுக்கு நீட்டவேண்டிய டீயை நீட்டாமல், தட்டைக் கொண்டுபோய் டிவி மேஜையில் வைத்தது. ஒரு டம்ளரை மட்டும் எடுத்து ஆல்வினிடம் கொடுத்து, "குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க தம்பி. மெசின் குடுக்கறதில்ல. அவுங்ககிட்ட உங்க முன்பணத்த வாங்கிக்குங்க" என்றது.

மாமா, "என்ன ஆத்தா, ஊட்டுக்கு வந்த அண்ணனுக்கு டீயில்லையா?" என்றார்.

"இருக்குதுங்கண்ணா. அம்மியில அரைச்ச சட்னியும் இருக்குது. எங்க ஊட்டுல சட்னியாகட்டும், கரண்டாகட்டும், எது வேணும்னாலும் கேட்டு வாங்கிக்குங்க. கேக்காம எடுக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "சீரு குடுத்தவனையே திருடனாக்கறீங்களா? சித்திரைக்குச் சோத்த நீங்களே கட்டி நீங்களே தின்னுக்குங்க!" என்று கத்தினார். அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார். மிதுன் மச்சான் என்று நினைக்கிறேன். "இப்பத்தான் வந்தேன்டா... உனக்கார்ரா சொன்னது?... எந்தக் கடுதாசி?" என்று கேட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். மச்சான் என்ன சொன்னார் என்று உனக்குத்தான் தெரியும். வைத்த பிறகு அவர் கத்தவில்லை. வாசற்படியில் நின்று அப்பாவைப் பார்த்து, "கட்டைய மாட்டச் சொல்லுங்க மாப்ள. சர்வீஸுக்கு நாளைக்கே எழுதிக் குடுக்கறேன்" என்றார்.

அப்பா முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "ரித்தி, கட்ட எங்க கண்ணு இருக்குது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா, அப்பா, அம்மா, டம்ளரோடு ஆல்வின், ஜன்னலுக்கு வெளியே குழந்தையோடு உஸ்மா அக்கா. டிராயர் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆல்வின் அன்று ஓரமாகத் தள்ளிவிட்ட நைட்டியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தேன். மெஷினைப் போட்டேன்.